வாழைமரப் பத்திரிகை நானூறு

மார்கழி 2, புதன்

முதலாளி சுந்தரவேல் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். "அண்ணாச்சி, உங்க கைவேலை மொத்தமும் இதுல ஏறிடணும். ஒட்டுற பொம்பளைங்களுக்குச் சந்தேகம்னா இதைப் பாத்துக்கிடட்டும்" என்றார். எனக்கு எழுத்து தெரியாது. கைநாட்டுதான். நான் சொல்லச் சொல்லக் குற்றாலிங்கம் எழுதுகிறார். அவர் எங்கள் அச்சகத்தில் பிழை பார்ப்பவர், தென்காசிப் பக்கத்துக்காரர். நாற்பத்தோரு வருடமாக என் சேக்காளி. தினமும் நாலரை மணி டீக்குப் பிறகு அரை மணி நேரம் இதற்கென்று பேச்சு.

கோயம்புத்தூர்க் கல்யாணம் ஒன்றுக்கு நானூறு பத்திரிகை. இரண்டு கதவு போலத் திறக்கும் அட்டை. கதவுக்கு ஒன்றாக இரண்டு வாழைமரம், குலையோடு. இலையெல்லாம் காற்றில் கிழிந்த மாதிரி கீற்றுக் கீற்றாக வெட்டு. கீற்றுக்கும் கீற்றுக்கும் நடுவே நிற்கும் தாள், விளக்குமாற்று ஈர்க்கில் பாதிதான் இருக்கும். இரண்டு மரத்துக்கும் நடுவில் தோரணம் மாதிரி பெண் மாப்பிள்ளை பெயர், அதுவும் வெட்டி ஒட்டுவதுதான்.

பத்தொன்பதாம் தேதி வண்டியில் ஏற்ற வேண்டும்.

"இதை எவன்யா வரைஞ்சது? காத்து அடிச்சாலே கிழிஞ்சிரும் போலிருக்கே" என்றேன்.

"அதுக்குத்தானே உம்மகிட்ட வந்திருக்கு. எழுதவா வேண்டாமா?" என்றார் குற்றாலிங்கம்.

மார்கழி 3, வியாழன்

வெட்டு. வடிவத்தை வெட்டுகிற அச்சான டைக்கும் தாளுக்கும் நடுவில் மெழுகுத்தாள் ஒன்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டின தாள் டையை விட்டு வராது. ஒரு தரம் அழுத்தினதும் எடுக்கக் கூடாது. அப்படியே பாதி வட்டம் திருப்பி இன்னொரு தரம். விழாத துண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. பின்பக்கத்திலிருந்து ஊசியால் தள்ள வேண்டும்.

கத்தி போட வேண்டிய இடத்தில் கை நகரக் கூடாது, தாள்தான் சுற்ற வேண்டும். முதலில் உள்ளே இருக்கும் சின்ன ஓட்டை, அப்புறம் பெரிய ஓட்டை, கடைசியில்தான் வெளிவிளிம்பு. விளிம்பை முதலில் வெட்டிவிட்டால் எதைப் பிடித்துக்கொண்டு மற்றதை வெட்டுவது? பத்து அட்டைக்கு ஒரு கத்தி அலகு மாற்ற வேண்டும். முதலாளி முனகினாலும் மாற்ற வேண்டும். (இதை அப்படியே எழுதச் சொன்னேன்.)

எண்பத்தொன்று ஆவணியில் முதல்முதலாக டை வெட்டு அட்டை செய்தேன். ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி வீட்டுக் கல்யாணம். ஏழு இதழ்த் தாமரை. மூன்றாவது இதழ் நூற்றுப்பன்னிரண்டு அட்டையில் கிழிந்தது. மெழுகுத்தாள் வைக்க அப்போது தெரியாது.

மார்கழி 4, வெள்ளி

பசை. தூரிகையால் தடவுகிறவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம். வெள்ளைப் பசையைச் சொட்டுத் தண்ணீரில் இளக்கி ஸ்பாஞ்சில் ஊறவிட வேண்டும். வெட்டின மரத்தை முகம் மேலே பார்க்க ஸ்பாஞ்சின் மேல் படுக்க வைத்து, விரல் நுனியால் தட்டி, இடுக்கியால் தூக்கினால் முதுகில் பசை பனி மாதிரி படிந்திருக்கும். அவ்வளவு போதும். ஈர்க்குப் போன்ற இடத்துக்கு மட்டும் ஊசி மூக்குப் பாட்டில். கோடாக இழுக்கக் கூடாது, புள்ளி புள்ளியாக. புள்ளி ரவையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். பசை வைத்ததும் உடனே ஒட்டக் கூடாது. இருபது எண்ண வேண்டும். ஒரு முனையை வைத்துவிட்டு மறுமுனையைப் படுக்க விட வேண்டும், குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி. வைத்த பிறகு நகர்த்தினால் பளபளப்பு தெரிந்துவிடும்.

அந்தத் தாமரை அட்டைக் காலத்தில் ராஜகனிக்கு ஆறு வயது இருக்கும். கீழே விழுந்த துண்டுகளைப் பொறுக்கி நெற்றியில் ஒட்டிக்கொண்டு, "அப்பா, நான் சாமி" என்பான். ராஜகனி என் மகன். கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. ஒரு பெண் பிள்ளை இருப்பதாகவும் கேள்வி. தாய் செத்ததுக்கு வராதவனைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

பேனா நின்றது. என்னய்யா என்றேன். மை வரவில்லை என்றார். உதறிவிட்டு எழுதினார்.

மார்கழி 7, திங்கள்

நூற்றிருபது முடிந்தது. புதிதாக வந்திருக்கும் ஆவுடைக்குக் கை நிதானம் இருக்கிறது. சங்கரன்கோவிலிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள், இரண்டு பிள்ளைக்குத் தாய். "பெரியப்பா, நீங்க எண்ணுற இருபது என் இருபதுக்கு நாப்பது" என்கிறாள். அதனால்தான் அவள் ஒட்டினது பிதுங்குகிறது.

இன்று பெயர் ஒட்ட ஆரம்பித்தோம். பெண்ணின் பெயர் மூன்று எழுத்து, கடைசியில் ஒரு கால். நடு எழுத்தின் தலையில் ஒரு சுழி. அந்தச் சுழியில் பசை கூடினால் சுருண்டுவிடும். அதற்கு மட்டும் ஒரே புள்ளி. எழுத்தெல்லாம் எனக்குத் தாளாகத் தெரியும். எது எந்த இடத்தில் கிழியும், எதற்கு எத்தனை புள்ளி என்று கேட்டால் சொல்வேன். சேர்த்து வாசிக்கத்தான் வராது.

பிள்ளை பெயர் என்னவாம் என்றேன். குற்றாலிங்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "நவீனா" என்றார்.

நல்ல பெயர்.

மார்கழி 9, புதன்

மழை. தாள் ஈரம் இழுத்துக்கொண்டது. பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு எரியவிட்டிருக்கிறேன். மழை நாளில் வெட்டலாம், ஒட்டக் கூடாது. எழுத வேறொன்றும் இல்லை.

(இது நான் எழுதுவது, அவர் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம். – கு.)

மார்கழி 11, வெள்ளி

உள்ளே வைக்கும் தாள் அச்சாகி வந்துவிட்டது. இதை மூலைக்கு ஒரு புள்ளி வைத்து ஒட்டினால் போதும். முழுக்கத் தடவினால் அட்டை வளைந்துவிடும்.

பெண் வீட்டார் பக்கத்தில் இரண்டு பெயருக்கு முன்னால் அந்த நீளமான சொல் இருக்கிறது. 'தெய்வத்திரு' என்பதை நான் வாசிக்காமலே அறிவேன். எத்தனை ஆயிரம் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன்.

"தாத்தா பாட்டி ரெண்டு பேருமே இல்ல போலிருக்கு. பேத்தி கல்யாணத்தைப் பாக்கக் கொடுத்துவைக்கல பாவம்" என்றேன்.

குற்றாலிங்கம் தலை குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். நான் ஒன்றுமே சொல்லாதபோதும் எழுதிக்கொண்டிருந்தார்.

மார்கழி 12, சனி

இனி எழுதுவது ஆவுடை. நான் சொல்வதை எழுதுகிறாள். அழாமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

காலையில் அவள் உள்தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று, "பெரியப்பா, உங்க பேர்லயே ஒருத்தர் இருந்திருக்கார் பாருங்க. இந்தப் பேரெல்லாம் ஊருக்கு ஒருத்தருக்குத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

"வாசி" என்றேன்.

"சிவகாசி தெய்வத்திரு அ. தங்கப்பழம், தெய்வத்திருமதி பொன்னுக்கிளி அவர்களின் பேத்தியும், கோயம்புத்தூர் த. ராஜகனி, ஸ்டெல்லா அவர்களின் மகளுமான..."

அவள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனாள். பொன்னுக்கிளி என் பெண்சாதி. போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஒருமுறைக்கு இருமுறை வாசிக்கச் சொன்னேன். எது என் பெயர் என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னேன். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விரலை எடுத்துக்கொண்டாள்.

என் பெயரை எழுத்தில் நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. ஆதார் அட்டையிலும் இருக்குமாம். நான் அதில் படத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

குற்றாலிங்கத்தின் கண்ணாடித் தடுப்புக்குள் போனேன்.

"தெரியுமாய்யா?"

"தெரியும்வே."

"எப்பலேர்ந்து?"

"முதல் புரூஃப்லேர்ந்து. கார்த்திகை கடைசி ஞாயித்துக்கிழமை உம்மைக் கண்ணாடி மாத்த விருதுநகருக்கு அனுப்பினாரே முதலாளி, அன்னைக்கு ராஜகனி வந்தான். பொண்ணு எங்கயோ நம்ம அட்டையைப் பாத்துட்டு இதுதான் வேணும்னு நின்னுருச்சாம். வேற எடத்துல ஆளு கெடைக்கல."

ஆமாம், அன்று கண்ணாடிக் கடை பூட்டிக் கிடந்தது. பஸ்ஸுக்கு நின்று திரும்பி வந்தேன்.

"அவரு பாத்துட்டா என்ன செய்யன்னு முதலாளி கேட்டாரு" என்றார் குற்றாலிங்கம். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான்தான் சொன்னேன், அவருக்குத்தான் படிக்கத் தெரியாதேன்னு."

"ஒரு கால் விட்டுப்போனாலே அன்னைக்குச் சோறு எறங்காதும்பீரு. உசிரோட இருக்கிறவனைச் செத்தவன்னு போட்டிருக்கான். அது பிழையாத் தெரியலையா உமக்கு?"

"தெரிஞ்சுது."

"திருத்த வேண்டியதுதானே? அதுக்குத்தானே சம்பளம்?"

அவர் எழுந்துவிட்டார். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இருவத்தாறு வருசத்துக்கு முன்னால, வேற சாதிப் பொண்ணைக் கட்டிக்கிட்டான்னு, பெத்த பிள்ளை செத்துட்டான்னு சொல்லித் தெப்பக்குளத்துல எறங்கித் தலை முழுகுனீரே. தெருவே நின்னு பாத்துச்சு. கரையில துண்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் நான்தான்வே. அன்னைக்கு நீரு சொன்னதும் பிழைதான். அன்னைக்கும் நான் திருத்தல."

பொம்பளைகள் நான்கு பேரும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"பொன்னுக்கிளி போனப்போ அவனுக்குச் சொல்லியனுப்ப வேண்டாம்னது யாரு? நானா? இப்ப நோட்டுல எழுதச் சொல்றீரு, தாய் செத்ததுக்கு வராதவன்னு. அதையும் எழுதினேன்."

நான் அவரை அடிக்கவில்லை. கை ஓங்கினதாக ஆவுடை சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. எனக்கு நினைவில்லாதது என்று அநேகமாக எதுவும் கிடையாது.

மார்கழி 14, திங்கள்

வேலைக்குப் போகவில்லை.

முதலாளி வீட்டுக்கே வந்தார். "அண்ணாச்சி, பெரிய எடத்து சம்பந்தம். மாப்பிள்ளை வீட்ல அப்படிச் சொல்லியாச்சாம். நான் என்ன செய்ய? பேரு ஒரு பேருதானே?" என்றார்.

"உங்கப்பா பேரைப் போட்டு அடிங்க. நான் ஒட்டுறேன்" என்றேன்.

போய்விட்டார். அவர் கொண்டுவந்த ஆப்பிளைக் கையில் கொடுத்தனுப்பினேன்.

மார்கழி 15, செவ்வாய்

ஆவுடை சாயங்காலம் நோட்டோடு வந்தாள். நேற்றையதையும் சேர்த்து எழுதிக்கொண்டாள். முதல் நாளிலிருந்து நோட்டை வாசிக்கச் சொன்னேன். குற்றாலிங்கம் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஒன்பதாம் தேதியில் மட்டும் நான் சொல்லாத ஒன்று இருந்தது. டீ ஆறிப்போனதாம். அதை மறுபடி வாசிக்கச் சொல்லவில்லை.

மழை நாளில் அவர் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சர்க்கரை கூடிப்போச்சோ என்று கேட்டேன்.

நோட்டை மூடிவிட்டு, இன்னும் நூற்று நாற்பது பாக்கி என்றாள். நேற்றும் இன்றும் அவர்கள் நால்வரும் ஒட்டிப் பார்த்தார்களாம். பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். கீற்றெல்லாம் பிய்ந்து, பசை வழிந்து, ஆடு மேய்ந்த வாழை மாதிரி இருந்தது.

"முப்பத்தியாறு வீணாப் போச்சு பெரியப்பா. நோட்டுல சொன்னபடிதான் செஞ்சோம்."

"எண்ணினியா?"

"இருபது எண்ணினேன்."

"வாய் எண்ணிருக்கும்."

மார்கழி 16, புதன்

போனேன். தாள் வீணாவது பொறுக்கவில்லை, அவ்வளவுதான். வேறு காரணம் கிடையாது.

நான் உட்கார்ந்ததும் ஆவுடை ஸ்பாஞ்சை என் பக்கம் நகர்த்தினாள். குற்றாலிங்கம் தடுப்புக்குள்ளேயே இருந்தார். இருவருக்கும் பேச்சில்லை. நாலரை மணிக்கு இரண்டு டீ வந்தது. என்னுடையதை ஆவுடை குடித்தாள்.

ஐம்பத்திரண்டு முடித்தேன்.

மார்கழி 17, வியாழன்

ஒரு உள்தாளில் அந்தச் சொல்லை மட்டும் கத்தியால் எடுத்துப் பார்த்தேன். 'தெய்வத்திரு' முழுதும், பக்கத்து எழுத்தில் படாமல். பொன்னுக்கிளி பெயருக்கு முன்னால் இருந்ததைத் தொடவில்லை. அது உண்மை. வெட்டின இடத்தில் குட்டியாக ஒரு வாழைப்பூ ஒட்டினால் வேலைப்பாடு என்று நினைத்துக்கொள்வார்கள். நானூறும் செய்ய ஒரு பகலும் சாயங்காலமும் போதும். யாருக்கும் தெரியாது, அவனுக்குத் தவிர. பேத்தி எங்கோ உட்கார்ந்து வாசித்தால், தாத்தா உயிரோடு இருப்பார்.

ஆவுடையிடம் காட்டினேன். தூரத்தில் வைத்துப் பார்த்தாள், கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "இப்பத்தான் பெரியப்பா எல்லாரும் அந்த எடத்தையே பாப்பாங்க. தாத்தாவுக்கு மட்டும் எதுக்குப் பூ, அவரு என்ன செஞ்சாருன்னு கேப்பாங்க" என்றாள்.

கத்தியை வைத்துவிட்டேன். மற்றதை அச்சடித்தபடியே ஒட்டினேன். ஒவ்வொன்றாக, மூலைக்கு ஒரு புள்ளி.

மார்கழி 19, சனி

பத்திரிகை ஏற்றியாகிவிட்டது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

பதினொரு மணிக்குக் கார் வந்தது. ராஜகனி இறங்கினான். தலை முன்பக்கம் வழுக்கை விழுந்துவிட்டது. நடை மாறவில்லை, இடதுகாலை அகட்டி வைக்கிற நடை. நான் இன்று இருக்க மாட்டேன் என்று முதலாளி சொல்லியிருப்பார் போல. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். ஆனால் அவனைத் தாண்டிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்துவிட்டது.

"அப்பா, பாருங்களேன்! படத்துல பாத்ததவிட நல்லாருக்குதுங்க! யாருங்க இதை ஒட்டுனது?"

முதலாளி என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "இவர்தாம்மா" என்றார்.

அவள் என் மேசைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பட்டுச் சுடிதார் பற்றிக் கவலைப்படவில்லை. "தாத்தா, இந்தக் கீத்து இவ்வளவு மெல்லிசு. எப்படிங்க பசையே தெரியாம ஒட்டுனீங்க?"

சொன்னேன். ஸ்பாஞ்சைக் காட்டினேன். மிச்சமிருந்த ஒரு மரத்தை எடுத்து, நானும் ஒட்டிப் பார்க்கட்டுமா என்றாள். இடுக்கியைப் பிடித்தாள். கட்டைவிரல் என்னுடையதைப் போலவே வெளிப்பக்கமாக நன்றாக வளைந்திருந்தது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. இருபது எண்ணச் சொன்னேன். வாய்க்குள் எண்ணினாள், அவசரப்படாமல். ஒரு முனையை வைத்து மறுமுனையைப் படுக்கவிட்டாள். ஒரு கீற்றுகூடப் பிசகவில்லை.

"எங்க தாத்தாகூட இந்த ஊர்தானுங்க. அப்பாவோட அப்பா. எனக்கு விவரம் தெரியறதுக்கு முன்னாலயே தவறிட்டாருங்களாம். தங்கப்பழம்னு பேரு. கேள்விப்பட்டிருக்கீங்களா?"

பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"தெரியும்" என்றேன்.

"எப்படிங்க இருப்பாரு?"

"கொஞ்சம் முரடன்."

அவள் சிரித்தாள். "அப்பாவும் அப்படித்தானுங்க." அப்புறம் பையிலிருந்து பேனாவையும், கட்டின கட்டிலிருந்து ஒரு பத்திரிகையையும் எடுத்தாள். "நீங்க கண்டிப்பாக் கல்யாணத்துக்கு வரோணும். உங்க பேரு என்னங்க தாத்தா?"

ராஜகனி வாசலை விட்டு ஓரடி உள்ளே வந்தான். குற்றாலிங்கம் தடுப்பை விட்டு வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆவுடை என்னையே பார்த்தாள். ஒரு சொல் போதும். பேத்தி, நான்தான் அது என்றால் முடிந்தது. நானூறு பத்திரிகையும் பொய்யாகிவிடும். அவனும் சம்பந்தி வீட்டில் தலை நிமிர முடியாது. பன்னிரண்டாம் தேதியிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

"குற்றாலிங்கம்" என்றேன்.

ஏன் அந்தப் பெயர் வந்தது என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் வாயில் அதுதான் நின்றது.

அவள் உறையின் மேல் எழுதினாள், அழகாக, நிறுத்தி நிறுத்தி. இரண்டு கையாலும் கொடுத்துவிட்டுக் காலைத் தொட்டாள். தலையில் கை வைத்தேன். எண்ணெய் தேய்த்த தலை.

அவள் காருக்குப் போன பிறகு ராஜகனி ஒரு நிமிடம் நின்றான். "ஏதாவது சொல்லிருவீங்களோன்னு பயந்துட்டேன்" என்றான்.

"செத்தவன் என்னத்தச் சொல்ல?" என்றேன்.

அவன் இடதுகாலை அகட்டி அகட்டிக் காருக்கு நடந்தான். கார் கிளம்பிப் போனது.

மார்கழி 20, ஞாயிறு

பத்திரிகையை எடுத்துக்கொண்டு குற்றாலிங்கம் வீட்டுக்குப் போனேன். உள்ளே வாரும் என்றார். போகவில்லை. வாசலில் நின்றே நீட்டினேன்.

"உமக்குப் பத்திரிகை வந்திருக்கு."

உறையை வாசித்தார். பிழை பார்க்கிற வழக்கத்தில் இரண்டு தரம் வாசித்தார். "நான் போனா அந்தப் பிள்ளை யாரு நீங்கன்னு கேக்கும்வே. இது நீரு போக வேண்டியது" என்று திருப்பிக் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவரோடு பேச்சு இன்னும் ஆரம்பிக்கவில்லை. இது பேச்சில் சேராது.

தை பத்து, வெள்ளிக்கிழமை முகூர்த்தம். முந்தின நாள் பஸ் எத்தனை மணிக்கு என்று ஆவுடையை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். வெள்ளை வேட்டி ஒன்று பெட்டியில் இருக்கிறது. பெண்ணைப் பெற்றவன் மண்டப வாசலில் நின்று, வருகிறவர்களை ஒவ்வொருத்தராக வாங்க என்று கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். சம்பந்திமார் பக்கத்திலேயே நிற்பார்கள்.

என்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறான் என்று பார்க்க வேண்டும்.